ஈயின் ஜாதகத்தில் அப்பா இல்லை

ஹாஸ்டல் ரூமில் மூன்று நாளாக மறந்துபோன வாழைப்பழம் ஒன்று கண்டிப்பாக இருக்கும். தோல் கறுத்து, லேசாகப் புளித்த வாசனை கிளம்பியதும் எங்கிருந்தோ வந்துவிடும் அந்தக் குட்டி ஈக்கள். உயரமும் இல்லை, பருமனும் இல்லை. மூன்று மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். நோட்டை எடுத்து வீசினால் கலையும். இரண்டே நிமிஷத்தில் அதே பழம், அதே கூட்டம்.

விலங்கியல் படிக்கிறவர்களுக்கு இது பழைய சிநேகிதம். ஜெனடிக்ஸ் பிராக்டிகலில் மயக்கிப் போட்டு, லென்ஸுக்கு அடியில் வைத்து, ஆணா பெண்ணா என்று பிரித்து, ரெக்கார்டில் கோணலாகப் படம் வரைந்து கையெழுத்து வாங்கினீர்களே... அதே பார்ட்டிதான். பெயர் ட்ரோசோஃபிலா. கண் சிவப்பு, கண் வெள்ளை, இறக்கை சுருட்டை என்று இதன் குரோமோசோம் சமாசாரங்கள் எல்லாம் சிலபஸிலேயே வந்துவிடும். நூறு வருஷத்துக்கும் மேலாக மரபியல்காரர்கள் பாதிப் பேர் இதை வைத்துத்தான் பிழைப்பை ஓட்டுகிறார்கள்.

இந்த வாரம் பேசப்போவது குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் டி.என்.ஏ. அதற்கு அப்பா கிடையாது. அம்மா மட்டும்தான்.

மைட்டோகாண்ட்ரியா என்றதும் ‘செல்லின் பவர் ஹவுஸ்’ என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். பிளஸ் டூவில் ஒரு மார்க் கேள்வி. அந்தப் பவர் ஹவுஸுக்குள் தனியாக ஒரு டி.என்.ஏ. இருக்கிறது, வளையல் மாதிரி வட்டமாக. ஏன் அங்கே? ஏனென்றால் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் சுதந்திரமாகத் திரிந்த பாக்டீரியா. 150 கோடி வருஷத்துக்கும் முன்னால் இன்னொரு செல்லுக்குள் போய் மாட்டிக்கொண்டு, அப்படியே குடித்தனம் பண்ண ஆரம்பித்துவிட்டது. 1967-ல் லின் மார்குலிஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் இந்தக் கருத்துக்கு உயிர் கொடுத்து எழுதினார். பத்திரிகை பத்திரிகையாகத் திருப்பி அனுப்பினார்கள். இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. (பேப்பர் ரிஜெக்ட் ஆனவர்கள் ஆறுதல் அடையலாம்.)

குடிவந்த பாக்டீரியா தன் ஜீன்களில் பெரும்பாலானவற்றை வீட்டுக்காரரிடம், அதாவது நியூக்ளியஸிடம், கொடுத்துவிட்டது. மிச்சம் கையில் இருப்பது கொஞ்சம்தான். எவ்வளவு கொஞ்சம்?

1985-ல் டக்ளஸ் கிளேரி, டேவிட் வுல்ஸ்டன்ஹோம் என்ற இருவர் ட்ரோசோஃபிலா யாகுபா என்ற ஆப்பிரிக்க ஈயின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை முழுசாகப் படித்துக் காட்டினார்கள். 16,019 எழுத்து. மனிதனுடையது 1981-லேயே கேம்பிரிட்ஜில் படிக்கப்பட்டுவிட்டது. அது 16,569 எழுத்து. ஈக்கும் உங்களுக்கும் ஐந்நூற்றுச் சொச்ச எழுத்துதான் வித்தியாசம்! ஜீன்களின் எண்ணிக்கையோ அச்சு அசல் ஒன்று: 37. அதில் 13 புரதங்களுக்கு, 22 டி-ஆர்.என்.ஏ.வுக்கு, 2 ரைபோசோமுக்கு. உங்களிடம் இருக்கும் அதே 37, வாழைப்பழத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அதனிடமும் இருக்கிறது.

பரீட்சைக்கு பிட் எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? (இல்லை என்றே வைத்துக்கொள்வோம்.) ஒரு மில்லிமீட்டர்கூட வீணாக்காமல் நெருக்கி நெருக்கி எழுதியிருக்கும். ஈயின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அப்படித்தான். ஒரு ஜீன் முடிந்த இடத்தில் அடுத்தது ஆரம்பம். ஏ.டி.பி. தயாரிக்கும் எந்திரத்தின் இரண்டு பாகங்களுக்கான ஜீன்கள் ஏழு எழுத்துகளைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அவ்வளவு இடநெருக்கடி.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஊதாரித்தனம். ஜீனே இல்லாத ஒரு பகுதி. அங்கே ஏ, டி என்ற இரண்டு எழுத்துதான் 90 சதவிகிதத்துக்கும் மேல். ஜெராக்ஸ் எடுப்பதைத் தொடங்கும் இடம் இதற்குள்தான் இருக்கிறது. யாகுபாவில் இந்தப் பகுதி 1,077 எழுத்து. நம் லேப் ஈயான மெலனோகாஸ்டரில் 4,600 எழுத்து. ஒரே வாசகத்தை இம்போசிஷன் மாதிரி திரும்பத் திரும்ப எழுதி வைத்திருக்கிறது. அதனால்தான் மெலனோகாஸ்டரின் வளையல் 19,517 எழுத்துக்கு நீளுகிறது. அந்தப் பகுதியைக் கழித்துவிட்டுப் பாருங்கள், இரண்டு ஈக்கும் ஏறத்தாழ 14,900. வேலை செய்கிற பகுதி அப்படியே இருக்க, வெட்டிப் பகுதிதான் ஏறி இறங்குகிறது.

இன்னொரு விசித்திரம். இந்த டி.என்.ஏ. பேசும் பாஷையும் கொஞ்சம் கொச்சை. நியூக்ளியஸில் ஏஜிஏ என்று எழுதினால் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம். ஈயின் மைட்டோகாண்ட்ரியாவில் அதே ஏஜிஏ என்றால் செரின். நியூக்ளியஸில் ‘நிறுத்து’ என்று அர்த்தமாகும் யுஜிஏ, இங்கே டிரிப்டோஃபான். திருநெல்வேலித் தமிழுக்கும் கோயம்புத்தூர்த் தமிழுக்கும் உள்ள மாதிரி வித்தியாசம். என்ன, இங்கே ஒரு வார்த்தை மாறினால் புரதமே காலி.

ஜீன்கள் வளையலில் எந்த வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதும் சும்மா இல்லை. அது லேசில் மாறாது. மாறினால், அந்த மாற்றம் வம்சம் முழுக்கத் தங்கும். 1998-ல் ஜெஃப்ரி பூர், வெஸ்லி பிரவுன் குழுவினர் லூசினுக்கான ஒரு டி-ஆர்.என்.ஏ. ஜீன் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடினார்கள். சிலந்தி, பூரான், மரவட்டை எல்லாவற்றிலும் பழைய இடத்திலேயே இருக்கிறது. பூச்சிகளிலும், இறால் - நண்டுக் கூட்டத்திலும் மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அதுவரை பூச்சிக்குப் பூரான்தான் பங்காளி என்று நம்பியவர்கள் உண்டு. இல்லையாம், இறால்தான். வரி இறாலின் ஜீன் வரிசையும் யாகுபா ஈயின் ஜீன் வரிசையும் ஒன்றே. மெஸ்ஸில் என்றைக்காவது இறால் போட்டால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது சாப்பிட்டு முடித்த பிறகு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்பா மேட்டருக்கு வருவோம்.

மெலனோகாஸ்டர் ஆணின் விந்தணு கிட்டத்தட்ட 1.8 மில்லிமீட்டர் நீளம். சொந்த உடம்பைவிடக் கொஞ்சம்தான் கம்மி! (பைஃபர்க்கா என்ற இன்னொரு ட்ரோசோஃபிலா இருக்கிறது. அதன் விந்தணு 5.8 சென்டிமீட்டர். உடம்பைப்போல 20 மடங்கு. கேட்டால் நம்ப மாட்டீர்கள், ஆனால் அளந்திருக்கிறார்கள்.) அந்த வாலின் நெடுகிலும் மைட்டோகாண்ட்ரியா ஓடுகிறது. பவர் வேண்டுமே. அப்படியானால் அப்பாவின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வும் முட்டைக்குள் போக வேண்டும்தானே?

போகாது. 2012-ல் ஸ்டீவன் டெலூக்கா, பாட்ரிக் ஓ’ஃபாரல் இருவரும் ஏன் என்று காட்டினார்கள். விந்தணு உருவாகிக்கொண்டிருக்கும்போதே எண்டோநியூக்ளியேஸ் ஜி என்ற என்சைம் வந்து அந்த டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுகிறது. அந்த என்சைமைச் செயலிழக்க வைத்தாலும் தப்பாது. விந்தணுக்கள் தனித்தனியாகப் பிரியும் கட்டத்தில் மிச்சத்தை வழித்தெடுத்துக் குப்பைப் பையில் சேர்த்துவிடும் இன்னொரு ஏற்பாடு தயாராக இருக்கிறது. டபுள் லாக். எப்போதாவது கசிவு உண்டு, ரொம்ப அபூர்வம். அதாவது அப்பா தன் கையாலேயே தன் பெயரை அழித்துவிட்டுத்தான் கல்யாணத்துக்கே கிளம்புகிறார்.

அம்மா பக்கம் கதையே வேறு. அங்கே கெடுபிடி பரீட்சை நடக்கிறது. மைட்டோகாண்ட்ரியாக்கள் சாதாரணமாக ஒன்றோடொன்று ஒட்டி, புரதங்களைக் கலந்து பகிர்ந்துகொண்டிருக்கும். நம்ம குரூப் ப்ராஜெக்ட் மாதிரி. நாலு பேர் உழைக்க, ஐந்தாவது ஆள் கேன்டீனில் இருந்தாலும் மார்க் ஒன்றுதான். பழுதான டி.என்.ஏ. அந்தக் கும்பலில் ஒளிந்துகொள்ளும். பெண் ஈயின் சூலகத்தில் முட்டை உருவாகும் ஒரு கட்டத்தில் இந்தக் கூட்டணி உடைகிறது. மைட்டோகாண்ட்ரியாக்கள் துண்டு துண்டாகப் பிரிகின்றன. இனி தனித்தனி வைவா. உன்னிடம் இருக்கும் டி.என்.ஏ.வை வைத்து நீயே சக்தி தயாரித்துக் காட்டு. காட்டியது பெருகும். காட்டாதது பின்தங்கும். ரூத் லேமன் குழுவினர் 2019-ல் இதை வெளியிட்டார்கள். கோடிக்கணக்கான வருஷமாக இந்த வளையல் நாசமாகாமல் ஓடிக்கொண்டிருப்பதற்கு இந்த வைவாவும் ஒரு காரணம்.

இங்கேதான் வில்லங்கம்.

பரீட்சை நடக்கும் இடம் அம்மாவின் உடம்பு. அம்மாவுக்கும் மகளுக்கும் கெடுதல் செய்கிற பிழை என்றால் இன்றில்லாவிட்டாலும் நாளை ஒழிந்துவிடும். மகனுக்கு மட்டும் கெடுதல் செய்கிற பிழை? அதைப் பற்றிக் கேள்வியே வராது. அவுட் ஆஃப் சிலபஸ்! மகன் அல்பாயுசில் போனாலும், குழந்தை இல்லாமல் போனாலும் இந்த டி.என்.ஏ.வுக்கு நயா பைசா நஷ்டம் இல்லை. எப்படியும் அவன் அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கப்போவதில்லை. அது ஏற்கனவே மகள் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்டீவன் ஃபிராங்க், லாரன்ஸ் ஹர்ஸ்ட் இருவரும் 1996-ல் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டினார்கள். 2004-ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: ‘தாயின் சாபம்’. பாவம், தாய் என்ன செய்தாள்? பெயர் வைத்தவர்களை நான் மன்னிக்கவில்லை.

தியரி சரி. நிரூபிப்பது எப்படி? நியூக்ளியஸை மாற்றாமல் மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இதற்குக் கோடி ரூபாய் மிஷின் எதுவும் வேண்டாம், கல்யாணம் பண்ணி வைத்தால் போதும். ‘அ’ வம்சப் பெண்ணை ‘ஆ’ வம்ச ஆணோடு சேர்க்கிறீர்கள். பிறந்த மகளை மறுபடி ‘ஆ’ வம்ச ஆணோடு. பேத்தியையும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் ‘அ’வின் நியூக்ளியஸ் சொத்து பாதியாகும். பத்துத் தலைமுறை தாண்டினால் 1,024-ல் ஒரு பங்குதான் மிச்சம். மைட்டோகாண்ட்ரியா மட்டும் அம்மா வழியே முழுசாக ‘அ’ தான். ஈக்குப் பத்து நாளில் ஒரு தலைமுறை. நூறு நாளில் வேலை முடிந்தது. ஒரு செமஸ்டர் மேட்டர்!

2011-ல் பாவ்லோ இன்னசென்ட்டி, டெட் மாரோ, டேமியன் டௌலிங் மூவரும் ஒரே நியூக்ளியஸுக்கு ஐந்து விதமான மைட்டோகாண்ட்ரியாக்களைப் பொருத்திப் பார்த்தார்கள். பெண் ஈக்களில் ஜீன்களின் நடமாட்டம் அனேகமாக மாறவே இல்லை. விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆண்களில் ஏகப்பட்ட ஜீன்கள் தடம் மாறின. அதிலும் ஆணின் இனப்பெருக்க உறுப்புகளில் வேலை செய்யும் ஜீன்கள்தான் அதிகம். அடுத்த வருஷமே ஆயுளைப் பார்த்தார்கள். உலகின் பல மூலைகளில் இருந்து 13 வகை மைட்டோகாண்ட்ரியா. பெண்கள் எதை வைத்துக்கொண்டாலும் ஆயுளில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆண்கள் எதை வாங்கிக்கொண்டு பிறந்தார்கள் என்பதைப் பொறுத்துச் சீக்கிரமோ, தாமதமோ கிழடு தட்டியது.

2016-ல் கையும் களவுமாக ஒரு பிழையே பிடிபட்டது. ஆக்ஸிஜனைக் கையாளும் ஒரு புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. பெண் ஈக்குத் தலைவலிகூட இல்லை. ஆணுக்கும் பறப்பதில், வாழ்வதில் குறை இல்லை. விந்தணு மட்டும் சரியாக உருவாகவில்லை. ஆனால் ஒன்று, சில வம்சங்களின் நியூக்ளியஸுக்குள் அதே பிழையைக் கொண்டுபோய் வைத்தால் மலட்டுத்தன்மை முழுக்க மறைந்துவிடுகிறது. சாபத்துக்கு நியூக்ளியஸிடம் பரிகாரம் இருக்கிறது என்று அர்த்தம்.

இதை எல்லா லேப்களும் தலையாட்டி ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆணுக்கு மட்டும்தான் அடி என்று எப்போதும் வருவதில்லை. 2013-ல் வந்த ஒரு ஆராய்ச்சி இன்னும் சுவாரஸ்யம். சிமுலன்ஸ் என்ற ஈயின் மைட்டோகாண்ட்ரியாவில், டைரோசினுக்கான டி-ஆர்.என்.ஏ.வில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது. மெலனோகாஸ்டரின் ஒரு வம்சத்தில், அந்த டி-ஆர்.என்.ஏ.வோடு ஜோடி சேர வேண்டிய நியூக்ளியஸ் புரதத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. இரண்டும் தனித்தனியாகத் தங்கக் கம்பி. ஒரே உடம்பில் சேர்ந்தால் வளர்ச்சி தாமதம், உடம்பு ரோமம் குட்டை, பெண் போடும் முட்டை குறைவு. பையனும் நல்லவன், பெண்ணும் நல்லவள், ஜாதகம் மட்டும் பொருந்தவில்லை என்பார்களே... அது மாதிரி. (ஜாதகப் பொருத்தத்தை நான் ஆதரிக்கிறேன் என்று யாரும் கடிதம் போட வேண்டாம்.)

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மைட்டோகாண்ட்ரியா தன்னிடம் வைத்திருப்பது 13 புரதங்களுக்கான குறிப்புதான். அது ஓடுவதற்குத் தேவையான மற்ற புரதங்கள் எல்லாம், ஆயிரத்துக்கும் மேலே, நியூக்ளியஸிலிருந்து வருகின்றன. ஒரே எந்திரம், இரண்டு கம்பெனி ஸ்பேர் பார்ட்ஸ். ஒன்று வேகமாக மாடலை மாற்றிக்கொண்டே போனால் மற்றது அட்ஜஸ்ட் பண்ணித்தான் ஆக வேண்டும்.

அம்மா வழியிலேயே பயணம் செய்யும் இன்னொரு ஆசாமியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா. இதுவும் முட்டை வழியாகத்தான் பரவும். தொற்று உள்ள ஆண், தொற்று இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் கருக்கள் பெரும்பாலும் செத்துப்போகும். தொற்று உள்ள பெண்ணுக்கு அந்தப் பிரச்னை இல்லை. அப்புறம் என்ன, ஊரெல்லாம் அவள் வாரிசுதான். கலிஃபோர்னியாவில் சிமுலன்ஸ் ஈக்களிடையே இது வருஷத்துக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் பரவியதை 1991-ல் பதிவு செய்தார்கள். அதே முட்டையில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வும் வித்தவுட் டிக்கெட்டில் கூடவே பரவிவிட்டது. தன் திறமையால் ஜெயித்ததா, ஓசிச் சவாரியில் ஜெயித்ததா என்று பார்த்தால் தெரியாது. மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு ஜீனின் துண்டைப் படித்து இது இன்ன இனம் என்று சொல்லும் ‘பார்கோடு’ முறையும் இதனால் சில இடங்களில் கவிழ்ந்திருக்கிறது. பறவைக் கூட்டில் குஞ்சுகளின் ரத்தம் குடிக்கும் ஒருவகை ஈக்களில் இந்த முறை இனங்களைக் குழப்பிவிடுகிறது என்று 2007-ல் காட்டினார்கள்.

‘ஈ எக்கேடு கெட்டால் எனக்கென்ன?’ என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. நியாயம்.

17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸிலிருந்து கனடாவின் கியூபெக்குக்குக் கப்பலேறிப்போன ஒரு பெண்ணின் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு எழுத்து மாறியிருந்தது. கண் நரம்பைப் பாதித்துப் பார்வையைப் பறிக்கும் பிழை. பெரும்பாலும் ஆண்களைத்தான் தாக்கும். சர்ச் பதிவேடுகளை வைத்து அவள் வம்சத்தைத் தேடிப் பார்த்தவர்கள் 2017-ல் சொன்னது: அந்தப் பிழை உள்ள ஆண்களின் வாரிசுகள் குறைந்தார்கள். பெண்களுக்கு அப்படி ஒன்றும் குறையவில்லை. முந்நூறு வருஷமாகியும் பிழை ஒழியவில்லை. ஈ பாட்டிலில் பார்த்த அதே சிலபஸ்.

இன்னொன்று இன்னும் சூடான விஷயம். அம்மாவின் மைட்டோகாண்ட்ரியா பழுது என்றால் குழந்தைக்கு உயிருக்கே ஆபத்தான நோய்கள் வரலாம். அதற்கு ஒரு வழி: பெற்றோரின் நியூக்ளியஸை எடுத்து, ஆரோக்கியமான இன்னொரு பெண்ணின் முட்டையில் வைப்பது. பத்திரிகைகள் ‘மூன்று பெற்றோர் குழந்தை’ என்று தலைப்புப் போடுகின்றன. பிரிட்டன் நாடாளுமன்றம் 2015-ல் இதற்கு அனுமதி கொடுத்தது. அதற்கு முன்பே, 2013-ல், ஈக்காரர்கள் டௌலிங்கும் மாரோவும் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு எச்சரிக்கை எழுதினார்கள்: புது நியூக்ளியஸும் புது மைட்டோகாண்ட்ரியாவும் ஒத்துப்போகும் என்று எப்படித் தெரியும்? முக்கியமாக ஆண் குழந்தைகளுக்கு?

எதிர்வாதமும் பலமானது. எந்தக் குழந்தைக்குமே அப்பாவின் பாதி நியூக்ளியஸ், அம்மாவின் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் புதுசுதான். உலகம் அப்படித்தானே ஓடுகிறது? தவிர, லேப் ஈக்கள் நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்து கலந்து வளர்ந்தவை. அவற்றில் பெரிதாகத் தெரிவது மனிதரில் தெரியாமலே போகலாம். என் கட்சி? நோயில் குழந்தையைப் பறிகொடுத்த அம்மாவிடம் போய் ஈயைக் காட்டி ‘பொறு’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதற்காக ஈ சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பதும் சரியில்லை.

2025 ஜூலையில் நியூகாசில் டாக்டர்கள் இந்த முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்திருப்பதாக அறிவித்தார்கள். நல்லபடியாக வளர்கிறார்கள் என்றார்கள். நான்கு பெண், நான்கு பையன். அந்தப் பெண்கள் நாளை அம்மாவானால் தானமாக வந்த வளையலும் அவர்களோடு அடுத்த தலைமுறைக்குப் போகும். பையன்களோடு அது நின்றுவிடும். அந்தப் பையன்களுக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று முழுசாகத் தெரிய இன்னும் இருபது, இருபத்தைந்து வருஷம் ஆகும். ஈயிடம் கேட்டால் பத்து நாளில் பதில் சொல்லிவிடுகிறது.

பழத்தைத் தூக்கிப் போடுங்க. வார்டன் ரவுண்ட்ஸ் வர்ற நேரம்.